ஒரு சிற்றூரை வாசிப்பது எப்படி? – இடையன்குடியும் எங்கள் ஊர்ப்படமும்

ஒன்பதாம் வகுப்பில் அன்று தமிழாசிரியர் விடுப்பு. சமூக அறிவியல் ஆசிரியரான நான் அந்தப் பாடவேளைக்குப் போனேன். திராவிட மொழிக்குடும்பம் பாடம் நடந்துகொண்டிருந்தது. கால்டுவெல், 1856, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்று கரும்பலகையில் முந்தைய நாள் எழுதியது அழியாமல் இருந்தது. கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சார், இவரு எந்த ஊர் சார்?”

“அயர்லாந்து.”

“பொறந்த ஊரு கேக்கல சார். இந்தப் புக்க எந்த ஊர்ல உக்காந்து எழுதினாரு?”

“இடையன்குடி” என்றேன். அது எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. திசையன்விளைப் பக்கம் என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரியும் வரை அந்த ஊரும் சங்கரன்கோவிலும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. இருபது ஆண்டுகளாக நான் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். இங்கிலாந்தின் தொழிற்புரட்சியைப் படம் வரைந்து விளக்கத் தெரிந்த எனக்கு, சொந்த மாவட்டத்து ஊர் ஒன்றைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கூச்சத்தில் தொடங்கியதுதான் இந்த முயற்சி. ஒரு சிற்றூரை எடுத்து, அதன் மண், பெயர், தெரு, கிணறு, வழிபாட்டிடம், பள்ளி, பதிவேடு ஆகியவற்றை வைத்து அதன் வரலாற்றைப் படிப்பது. பிறகு அதே கேள்விகளை மாணவர் தங்கள் ஊரிடம் கேட்பது. வளரறி மதிப்பீட்டுக்கான செயல்பாடாகத்தான் திட்டமிட்டேன். அது வேறு எங்கெல்லாமோ போனது, அதையும் சொல்கிறேன்.

இப்படி ஒரு சிற்றூரை உற்றுப் பார்க்கும் பழக்கம் இங்கிலாந்தில் வெகுகாலமாக உண்டு. அங்கே ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த ஊரும் நிலமும் சேர்ந்தது ஒரு பங்கு. நம் பக்கத்தில் கத்தோலிக்கர் அதைப் ‘பங்கு’ என்றும், திருநெல்வேலித் திருமண்டலத்தார் பல சபைகள் சேர்ந்ததைச் ‘சேகரம்’ என்றும் சொல்வார்கள். 1538-இல் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றானது. அரசர் கதையில் இடம்பெறாத குயவரும் கூலிக்காரரும் அப்படித்தான் எழுத்தில் வந்தார்கள். 1894-க்குப் பின் நிர்வாகப் பங்குகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் வந்தன. நம் ஊராட்சி மன்றத்துக்கு ஒப்பாகச் சொல்லலாம்.

அவர்களிடம் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருநாள் ஊரார் சேர்ந்து பங்கின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். சிறுவர்களை அவசியம் கூட்டிப் போவார்கள். எல்லைக் கல்லைக் குச்சியால் தட்டிக் காட்டுவார்கள். வரைபடம் கிடைக்காத காலத்தில், இளையவர் நினைவில் எல்லையை ஏற்றிவைக்கும் வழி அது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எங்களுக்கு உதவியது.

ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் குரு 1789-இல் அந்த ஒரே ஊரின் இயற்கை வரலாற்றையும் பழமையையும் நூலாக வெளியிட்டார். ஒன்றுபோலவே தோன்றும் மூன்று சிறு பறவைகளைக் குரலை வைத்தே வேறுவேறு இனம் என்று பிரித்தறிந்தவர் அவர். மண்புழு நிலத்துக்குச் செய்யும் வேலையையும் எழுதினார். வீட்டுத் தோட்டத்து ஆமையைக்கூட விடவில்லை. பெரிய பயணம் எதுவும் செய்யாமல், தன் ஊரில் நடந்துகொண்டே எழுதிய நூல் அது. அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைச் சொன்னால் மகிழ்வார்கள். எங்கள் பள்ளியில் சொன்னேன், அடுத்த வாரமே தவிட்டுக்குருவிக் கணக்கு ஒன்று தொடங்கிவிட்டது.

இனி இடையன்குடி. ஒரு விடுமுறை நாளில் நானும் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரும் முதலில் போய்ப் பார்த்தோம். சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி, அங்கிருந்து திசையன்விளை என்று பேருந்து மாறிப் போக அரை நாள் ஓடிவிடுகிறது.

வழியிலேயே பாடம் தொடங்கிவிடும். எங்கள் பக்கம் கரிசலும் செவலும் கலந்த நிலம். ஊர்ப்பெயர்கள் பட்டி, குளம், நல்லூர் என்று முடியும்: குருவிகுளம், கரிவலம்வந்தநல்லூர், மேலநீலிதநல்லூர். தெற்கே போகப் போக மண் சிவந்து மணலாகிறது. தேரி என்பார்கள். காற்று குவித்த செம்மணல் மேடுகள். தண்ணீர் விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விடும். நெல்லுக்கு ஆகாத அந்த நிலத்தில் பனை நிற்கும். ஊர்ப்பெயர்களும் மாறுகின்றன: திசையன்விளை, பண்ணைவிளை. மரம் வைத்த மேட்டுநிலத்தை அங்கே விளை என்பார்கள். குளத்தை நம்பிய நாட்டில் குளம் பெயரில் வருகிறது, பனையை நம்பிய நாட்டில் விளை வருகிறது. பேருந்துப் பெயர்ப்பலகைகளை மட்டும் வரிசையாக எழுதி வந்தால்கூட ஒரு புவியியல் வகுப்பு நடத்தலாம்.

மூன்றாவது வகைப் பெயர்களும் அந்த வட்டாரத்தில் உண்டு. முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேஷபுரம், டோனாவூர். இவை தாமாக வளர்ந்த ஊர்கள் அல்ல, உருவாக்கப்பட்டவை. சமயம் மாறியவர்கள் பழைய ஊர்களில் நிலக்காரர்களாலும் உறவினராலும் நெருக்கப்பட்டபோது, தனியாக நிலம் வாங்கிக் குடியேற்றினார்கள். 1799-இல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்நின்று அமைத்தது முதலூர். பெயரே அதைச் சொல்கிறது. பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்த இரேனியஸ் இப்படி நிலம் வாங்குவதற்கென்றே ஒரு தர்ம சங்கம் தொடங்கினார். டோனாவூர் அதற்கு நன்கொடை தந்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர். சாயர்புரம் சாயர் என்ற வணிகரின் பெயர். ஊர்ப்பெயரைத் தோண்டினால் பணம் கொடுத்தவர், துன்பப்பட்டவர் எல்லோரும் கிடைக்கிறார்கள்.

இடையன்குடி இந்த மூன்றாம் வகை அல்ல. பெயரைப் பாருங்கள், அது ஆடுமாடு மேய்த்தவரின் பழைய குடியிருப்பு. ராபர்ட் கால்டுவெல் வருவதற்கு முன்பே அங்கே ஒரு சிறு சபை இருந்தது. 1814-இல் பிறந்த கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். அங்கிருந்து நீலகிரி வழியாகச் சுற்றிப் பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்து, 1841 முடிவில் இந்த மணல்காட்டில் சேர்ந்தார். வயது 27. 1883-இல் தூத்துக்குடிக்கு மாறும் வரை அவருடைய வாழ்க்கை இந்த ஊரில்தான்.

ஊருக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது தெரு. நேராக, அகலமாக இருக்கிறது. அவர் வந்தபோது வீடுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்ததாகவும், நிலம் வாங்கித் தெருக்களை நேராக்கி, கிணறு வெட்டி, மரம் நட்டதாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் சொல்கிறார்கள். ஒரு தெரு நேராக இருந்தால், யாரோ திட்டமிட்டிருக்கிறார்கள் என்று பொருள். வளைந்து போனால், வண்டியும் தண்ணீரும் மாடும் சேர்ந்து போட்ட பாதை அது. இதை நான் மாணவரிடம் சொன்னபோது ஒரு பிள்ளை, “அப்போ நம்ம ஊர்த் தெருவ மாடுதான் போட்டுச்சா சார்?” என்றாள். பெரும்பாலும் அப்படித்தான் என்றேன்.

அடுத்தது ஆலயம். பரிசுத்த திரித்துவ ஆலயம். கூர்மையான வளைவுச் சன்னல்கள் வைத்த கோதிக் பாணிக் கட்டடம். 1847-இல் தொடங்கிய வேலை முடிந்து பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலை 6. முப்பத்துமூன்று ஆண்டு. அடிக்கல் நாட்டிய அன்று பிறந்த பிள்ளை, படித்து, மணமுடித்து, தன் பிள்ளையோடு வந்து திறப்பு விழாவில் நின்றிருக்கலாம். ஏன் இவ்வளவு காலம் என்று யோசிப்பதே நல்ல வகுப்புக் கேள்வி. காசு சிறுகச் சிறுகச் சேர வேண்டும். மணல் பூமியில் கல் வெளியில் இருந்து வண்டியில் வர வேண்டும். கோதிக் சன்னலைப் பார்த்தே இராத நம் கல்தச்சருக்கு அதைப் புரியவைக்க வேண்டும். கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று சொல்லப்படுகிறது. இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம் வேறு. மெஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரத்துக்குக் கூர்கோபுரம் எழுந்த காலமும் ஏறத்தாழ இதுவே. பத்து ரூபாய் சேர்வதே அரிதான பனங்காட்டில் இத்தனை பெரிய கட்டடங்கள் ஏன் என்று நம் மாணவர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தடுக்க வேண்டாம்.

பனையைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஊரைச் சொல்ல முடியாது. பருவத்தில் ஒரு பனையேறி நாளைக்கு இரண்டு வேளை ஏறி இறங்குவார், ஒரு மரம் அல்ல, பல மரங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் சொட்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். வேதியியல் ஆசிரியர் இங்கே நின்றுகொள்ளலாம். இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண்கள் வேலை. பனையேற்றுப் பருவத்தில் பள்ளிக்குப் பிள்ளைகள் வரத்துக் குறைவது அன்றைய பள்ளிகளின் தீராத தலைவலி. இன்று எங்கள் பக்கம் பூ எடுக்கும் நாட்களில் காலைப் பாடவேளையில் காலியாகும் இருக்கைகளைப் பார்க்கிறவர்களுக்கு அது புரியும்.

பெண்கள் என்றதும் எலைசாவைச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் தம்பதியின் மகள். 1844-இல் கால்டுவெல்லை மணந்தார். கணவர் சென்னையில் கற்ற தமிழைவிட, சிறுவயது முதல் பேசி வளர்ந்த எலைசாவின் தமிழ் ஊர்ப் பெண்களுக்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பெண் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி நடத்தினார். அவர் தாயார் நாகர்கோவிலில் கற்பித்த சரிகைப் பின்னல் வேலையை, லேஸ் என்கிறோமே அதை, இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண் கையில் தனியாகக் காசு வந்ததற்கு அந்த ஊசியும் நூலும் காரணம். ஒப்பிலக்கணம் பாடநூலில் இருக்கிறது, லேஸ் இல்லை. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்பதால் விட்டுவிட வேண்டியதில்லை.

ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது, திருத்திய பதிப்பு 1875-இல். 1877-இல் அவர் கொற்கையில் அகழ்ந்து பார்த்தார். அதே ஆண்டு பேராயரானார். திருநெல்வேலி மாவட்ட வரலாறு 1881. 1891-இல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து, 33 ஆண்டு கட்டிய ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். 1968-இல் சென்னைக் கடற்கரையில் சிலை. 2011-இல் இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு அரசின் நினைவில்லமானது. இவை எல்லாம் எளிதில் கிடைக்கும் செய்திகள், வேகமாகக் கடந்துவிடலாம்.

எளிதில் கடக்க முடியாத ஒன்று இருக்கிறது. 1849-இல் கால்டுவெல் தம் வட்டாரத்துப் பனையேறும் மக்களின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். வெளிநாட்டில் பணிக்கு ஆதரவு திரட்ட எழுதப்பட்டது. அதில் அம்மக்களை அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தவர்களாகக் காட்டினார். அவர்களின் பிள்ளைகள் அவர் போன்றோர் நடத்திய பள்ளிகளிலேயே படித்து, ஆங்கிலம் கற்று, அந்த நூலை எடுத்துப் படித்தார்கள். 1880-களில் எதிர்ப்பு வலுத்தது, மறுப்புகள் எழுதப்பட்டன. கடைசியில் நூல் புழக்கத்தில் இருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதை மாணவரிடம் சொல்லலாமா கூடாதா என்று எனக்கே குழப்பம். மூத்த ஆசிரியர் ஒருவர், “வேண்டாம் தம்பி, நல்லதை மட்டும் சொல்லிட்டு வாங்க” என்றார். நம் பகுதிப் பள்ளிகளின் நிலை தெரிந்து, நல்லெண்ணத்தில் சொன்னது அது. கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூடப் பிரச்சினையாகும் இடத்தில் வேலை பார்க்கிறோம். ஆனாலும் சொன்னேன். நூலில் இருந்து ஒரு வரிகூட வாசிக்கவில்லை, வாசிக்கத் தேவையும் இல்லை. ஒரு ஊருக்காகக் கிணறு வெட்டியவரே அந்த ஊராரைப் பற்றி அவர்கள் முகத்துக்கு நேரே படிக்க முடியாதபடி எழுதினார், அவர்கள் படித்துவிட்டார்கள், கேள்வி கேட்டார்கள். இவ்வளவே சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவன், “அவரு எழுதுறப்போ அவங்க படிப்பாங்கன்னே நெனைக்கல போல சார்” என்றான். அதை அப்படியே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

அடுத்து எங்கள் ஊர்கள். எங்கள் வகுப்பில் ஐந்து சிற்றூர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சங்கரன்கோவில் கோவிலைப் பற்றிக் கேட்டால் ஆடித்தபசு, புற்று, நாகசுனை என்று எல்லோரும் பேசுவார்கள். கழுகுமலை வெட்டுவான் கோவிலுக்குச் சுற்றுலா போயிருக்கிறார்கள். காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா ஆலயத்தையும் அங்கே பணிசெய்த வீரமாமுனிவரையும் சிலர் அறிவார்கள். ‘உன் ஊருக்கு என்ன வரலாறு?’ என்றால் மட்டும், “ஒண்ணும் இல்ல சார்” என்பதே விடை.

சான்றுகளைத் தேடினோம். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடும் புலப்பட நூலும் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டால் பார்க்க அனுமதிப்பார்கள். ஆனால் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் சிறந்த பதிவேட்டை நாம் கண்டுகொள்வதே இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுதான் அது. பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் கிளாரிந்தாவில் தொடங்கி 40 பெயர்கள் இருப்பதை வரலாற்றாசிரியர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள். நம் பீரோவில் நூற்றுக்கணக்கான பெயர்கள், பெற்றோர் தொழிலோடு, சேர்ந்த நாளோடு, நின்ற நாளோடு இருக்கின்றன.

தலைமையாசிரியர் அனுமதியோடு பழைய பதிவேட்டை நான் தனியாக உட்கார்ந்து படித்தேன். மாணவர் கையில் கொடுக்கவில்லை; சாதிக் கலம் உள்ள பதிவேடு அது, யாருடைய தாத்தா என்ன என்று தேடும் விளையாட்டாகிவிடக் கூடாது. பெயரை விட்டு, தொழிலையும் ஆண்டையும் நின்ற வகுப்பையும் மட்டும் எடுத்து எழுதிக்கொடுத்தேன். பதிவேட்டின்படி எங்கள் ஊர்களின் முந்தைய தலைமுறையில் பாதிப்பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருக்கிறார்கள்! பள்ளிக்குக் கூட்டிவந்த நாளில் ஆசிரியர் போட்ட பிறந்த நாள் அது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண் பிள்ளைகளின் வரிசை ஐந்தாம் வகுப்போடு ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. ‘நெசவு’ என்ற தொழில் எந்த ஆண்டில் தோன்றுகிறது, ‘விசைத்தறி’ எப்போது வருகிறது என்று ஒரு குழு கோடு வரைந்து காட்டியது. அந்தக் கோட்டை வகுப்பில் விளக்கியவனின் அப்பா விசைத்தறித் தொழிலாளி.

பிறகு ஊர்ப்படம். ஊருக்கு ஒரு குழு, ஆளுக்கு ஒரு சார்ட். குளம், வழிபாட்டிடம், பள்ளி, ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, பழைய மரம், தெருக்கள் எல்லாம் வரவேண்டும். ஐந்து படங்களும் சுவரில் ஏறின. ஒன்று மிக அழகாக இருந்தது; வண்ணமும் எழுத்தும் பார்க்கவே நிறைவு. அதைச் சிறந்த படம் என்று நானே சொன்னேன்.

மதிய உணவு வேளையில் அந்தக் குழுவின் மாணவி ஒருத்தி மேசை அருகே வந்து நின்றாள். “சார், இதுல எங்க தெரு இல்ல.”

குழுவை அழைத்தேன். “தாள் தீந்து போச்சு சார்” என்றான் வரைந்தவன். கோவில் வரை பாதை வந்து, சார்ட்டின் விளிம்பு வந்துவிட்டது. உண்மையாகவே அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஊர் என்று நினைத்தால் அவன் மனத்தில் அதுவரைதான் வருகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரி, பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டி வரைஞ்சிடும்மா” என்றேன். அவள் தலையாட்டினாள். ஒட்டவில்லை. மறுநாளும் ஒட்டவில்லை. ஊருக்கு வெளியே தனியாக ஒரு துண்டு ஒட்டிக்கொள் என்று நானே சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. கரும்பலகை ஓரத்து வரி அதுவரை அழியாமல் இருந்தது.

அப்போதுதான் ஆங்கிலேயப் பங்கின் எல்லை நடை நினைவுக்கு வந்தது. கோவிலில் இருந்தோ கடைத்தெருவில் இருந்தோ தொடங்கினால் தாள் தீர்ந்துபோகும். எல்லையில் தொடங்கினால் ஊர் முழுவதும் உள்ளே வந்தாக வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் பெற்று, அந்த ஊரின் எல்லையை வகுப்போடு சுற்றினோம். கிராம உதவியாளர் வழிகாட்டினார். முள்ளுக்குள் மறைந்த சர்வே கற்களை அவர் காலால் தடவிக் கண்டுபிடித்ததைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். காலடி எண்ணித் தூரம் அளந்தார்கள். வழியில் ஒரு அம்மா, “படிக்க அனுப்புனா வாத்தியாரு கல்லு எண்ண விட்டிருக்காரு” என்று சத்தம் போட்டதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

எல்லாம் சுமுகமாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். எல்லை முடிந்து தெருக்களுக்குள் நடந்தபோது, ஒரு மாணவன் ஊருணிக் கரையிலேயே நின்றுகொண்டான். அந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவனை வற்புறுத்தவில்லை, வீட்டுக்குப் போய்ப் பேசினேன். தேநீர் கொடுத்து நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் படம் வரைய வந்தான். அளவு கணக்குப் போடுவதில் அவன்தான் கெட்டிக்காரன்.

எல்லைக் கோட்டை முதலில் போட்டு, அளவுத்திட்டம் குறித்து வரைந்தபோது, பழைய படத்தில் கோவிலோடு முடிந்த பாதை முடியவே இல்லை. அது அந்த மாணவியின் தெரு வழியாகப் போய்த்தான் அடுத்த ஊரில் சேர்கிறது. ஊரின் தண்ணீர்க் குழாய் வருவதும் அந்தப் பக்கம் இருந்துதான்.

தெருக்களுக்குப் பெயர் எழுதும் வேளை வந்தது. சாதிப் பெயர் எதுவும் படத்தில் வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். வடக்குத் தெரு, குளத்தடித் தெரு, பிள்ளையார் கோவில் தெரு என்று ஒவ்வொன்றாக முடிந்தது. அவள் தெருவைப் பேச்சிலும் எழுத்திலும் ‘காலனி’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்ததை எடுத்துச் சொன்னேன். அப்படியானால் என்ன எழுதுவது என்று கேட்டாள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வா என்றேன்.

மறுநாள் பாட்டியிடம் கேட்டு வந்தாள். அந்தக் காலத்தில் புளியடித் தெரு என்பார்களாம். தெருமுனையில் பெரிய புளியமரம் நின்றிருக்கிறது. சாலை போட வெட்டிவிட்டார்கள். தன் கையாலேயே பெயரை எழுதினாள். மரத்தை வரையவில்லையா என்றேன்.

“இப்ப இல்லாதத எப்படி சார் வரைய?”

அளவு கணக்குப் போட்ட மாணவன் குறிப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தான்: புள்ளியிட்ட வட்டம் – முன்பு இருந்தது. அவள் தெருமுனையில் பென்சிலால் அப்படி ஒரு வட்டம் போட்டாள். அன்று மாலைக்குள் மற்ற நான்கு படங்களிலும் புள்ளி வட்டங்கள் வந்துவிட்டன: தூர்ந்த கிணறு, இடிந்த சாவடி, ஒரு பழைய திண்ணைப் பள்ளி.